ஆகாயப்படை ஏவியானிக்ஸ் பணியிலிருந்து வெளிவேலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசிய ஆகாயப்படையின் பட்டர்வொர்த் தளத்தில் விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக இருந்து, சார்ஜன் தகுதியில் ஓய்வுபெற்று, இப்போது பினாங்கின் பாயான் லெப்பாஸில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஓய்வை நெருங்கும் பழைய தோழர்களும், அவர்களுடைய வீட்டாரும், படையில் சேர எண்ணும் நம் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு அப்படி முடியவில்லை.

ஆகாயப்படையில் இருந்தவர் என்றால் விமானம் ஓட்டியவர்தானே?

இல்லை. உறவினர் வீட்டுத் திருமணங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதிச் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது. விமானி ஒருவர் பறக்க வேண்டுமென்றால், இயந்திரம், உடற்கட்டு, ஆயுதம், மின்னணுக் கருவிகள் என்று பிரிந்து வேலை செய்யும் பலர் தரையில் இருக்க வேண்டும். வானொலி, ராடார், வழியறி கருவிகள், ஆட்டோபைலட், விமானியின் முன்னுள்ள காட்சித்திரைகள், இவற்றையெல்லாம் இணைக்கும் வடங்கள் ஆகியவற்றைப் பார்ப்பவரே ஏவியானிக்ஸ் தொழில்நுட்பர்.

வெளியேறுவதற்கு எவ்வளவு காலம் முன்பே ஆயத்தமாக வேண்டும்?

இரண்டு ஆண்டுகள் என்பேன். படிப்புக்காக மட்டுமல்ல, காகிதத்துக்காக.

இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் வெளியேறியபோது என் கையில் இருந்தவை நன்னடத்தைச் சான்றிதழ், பயிற்சிப் படிப்புகளின் சான்றிதழ்கள், ஒரு பிரிவுபசாரக் கேடயம் ஆகிய மூன்றுமே. எந்த விமானத்தில், எந்தக் கருவியில், எந்த ஆண்டில், என்ன வேலையை நானே செய்தேன், எதை மேற்பார்வையிட்டேன், எதற்குக் கையெழுத்திட்டேன் என்பதைக் காட்டும் உறுதிப்படுத்தப்பட்ட பதிவு ஒன்றுகூட என்னிடம் இல்லை. எட்டு மாதம் கழித்து அது தேவைப்பட்டபோது, எனக்காகக் கையெழுத்திடக்கூடிய அதிகாரிகளில் ஒருவர் ஓய்வுபெற்றிருந்தார், மற்றொருவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகியிருந்தார், புதிதாக வந்தவருக்கோ என் முகமே தெரியாது. அவர் கையெழுத்திட மறுத்ததை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

ஆகவே தளத்தின் வாயிலைக் கடப்பதற்கு முன்பே, உங்கள் வேலைகளைப் பட்டியலிட்டு, உங்களை நேரில் அறிந்த பொறியியல் அதிகாரியிடம் உறுதிப்படுத்தி வாங்கிவிடுங்கள். அந்தப் பட்டியலைப் படையின் பிரிவுமுறைப்படி எழுதாமல், சிவில் விமானத்துறை உலகெங்கும் பயன்படுத்தும் ஏடிஏ அத்தியாய எண்களின்படி எழுதினால், படிப்பவருக்கு ஒரே பார்வையில் விளங்கும்: 22 ஆட்டோபைலட், 23 தொடர்பு வானொலி, 24 மின்சாரம், 31 காட்டிகளும் பதிவுக்கருவிகளும், 34 வழியறிதல். படையில் உங்கள் கையெழுத்துக்கு மதிப்புத் தந்தது உங்கள் தரமும் பிரிவும். வெளியே அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சேவையின் இறுதி மாதங்களில் சுங்கை பூலோவில் உள்ள பெர்ஹெபாட் என்ற முன்னாள் படைவீரர் விவகாரக் கழகம் வழியாக மாற்றத்துக்கான பயிற்சிகள் கிடைக்கும். வரிசையில் முன்னால் இருப்பவர் எதை எடுத்தாரோ அதையே நாமும் எடுப்பது என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. மின்னணுவியலில் இருபது ஆண்டு ஊறிய ஒருவர், நண்பர் போகிறார் என்பதற்காகக் குளிர்சாதனப் பழுதுபார்ப்புக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அது மதிப்பான தொழில்தான்; ஆனால் அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, பின்தொடர்ந்தார்.

தன்விவரத்தில் எதையெல்லாம் எழுதலாம்? ரகசியம் என்று பயமாக இருக்கிறதே.

பயம் நியாயமானது. 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் நீங்கள் சீருடையைக் கழற்றியதும் உங்களை விட்டுவிடுவதில்லை. ஆனால் அந்தப் பயத்தில், "விமானப் பராமரிப்பில் ஈடுபட்டேன்" என்று ஒரே வரி எழுதி நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். அது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம்.

நாட்டில் என்னென்ன விமானங்கள் இருக்கின்றன என்பது பொதுவாக அறியப்பட்டது. பட்டர்வொர்த்தில் எட்டு எஃப்/ஏ-18டி ஹார்னெட் இருப்பதும், அவை 1997-இல் வந்ததும், கோங் கெடாக்கில் பதினெட்டு சுகோய் 30எம்கேஎம் இருப்பதும் செய்தித்தாளில் வந்தவை. ஆகவே விமான வகை, கருவியின் பொதுப்பெயர், நீங்கள் செய்த வேலையின் தன்மை, குழுவின் அளவு ஆகியவற்றை எழுதலாம். கருவியின் திறன் வரம்பு, அலைவரிசைகள், மென்பொருள் பதிப்பு, மின்னணுப் போர்க் கருவிகளின் விவரம், எத்தனை விமானங்கள் எந்த நாளில் பறக்கும் நிலையில் இருந்தன என்ற கணக்கு, விமானக் கொட்டகைக்குள் எடுத்த புகைப்படம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. "ராடார் அலைபரப்பியில் ஏற்படும் இடைவிட்ட பழுதுகளைக் கண்டறிந்து, மாற்றுப் பாகம் பொருத்தி, சோதித்து ஒப்படைத்தேன்" என்ற வாக்கியத்தில் ரகசியம் எதுவும் இல்லை. வேலை தருபவர் அறிய வேண்டிய அனைத்தும் இருக்கிறது. ஐயம் எழும் இடத்தில் வெளியேறுவதற்கு முன்பே பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இருபத்தோரு ஆண்டு அனுபவம் இருக்கிறது. சிவில் விமான உரிமம் நேராகக் கிடைக்குமா?

கிடைக்காது. பலருக்கு வரும் முதல் ஏமாற்றம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மலேசியாவில் விமானப் பராமரிப்பு உரிமத்தைக் கொடுப்பது 2018-இல் அமைந்த மலேசியச் சிவில் விமான ஆணையமான சிஏஏஎம். அதன் உரிம முறை ஐரோப்பாவின் பகுதி 66 என்ற விதியை ஒட்டியது. இயந்திரமும் உடற்கட்டும் பி1 பிரிவில் வரும். ஏவியானிக்ஸ் பி2 பிரிவில் வரும். பி2 உரிமத்துக்குப் பாடப்பகுதி வாரியாகத் தேர்வெழுத வேண்டும். மின்னியல் அடிப்படை, மின்னணு அடிப்படை, இலக்க நுட்பம் என்ற 3, 4, 5-ஆம் பகுதிகள் உங்களுக்குப் பழைய நண்பர்களாகத் தோன்றும். ஆனாலும் அலட்சியம் வேண்டாம். தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும். ஒவ்வொரு தெரிவுக் கேள்விக்கும் சராசரியாக 75 விநாடிதான் கிடைக்கும். கையால் செய்து பழகியவருக்கு, தான் தினமும் செய்ததன் பெயரைக் காகிதத்தில் அடையாளம் காண்பதே சில வேளைகளில் கடினமாக இருக்கும்.

படையிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் 10-ஆம் பகுதியான விமானச் சட்டத்திலும், 9-ஆம் பகுதியான மனிதக் காரணிகளிலும்தான். மனிதக் காரணிகள் என்பது பொதுஅறிவு என்று நினைத்துப் புத்தகத்தைத் திறக்காமல் போகிறவர்கள் உண்டு. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. கண்ணாடியைப் பொருத்திய 90 திருகாணிகளில் 84 தேவையைவிடச் சற்றே குறைந்த விட்டம் கொண்டவை. அவற்றைப் பொருத்தியவர் அனுபவமும் நற்பெயரும் உள்ளவர்; பாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய ஆணியோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவிட்டார். அந்தப் பாடம் முழுவதும் இத்தகைய நிகழ்வுகளின் மீது கட்டப்பட்டது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்தான் அதை முதலில் படிக்க வேண்டும்.

தேர்வோடு முடிவதில்லை. படையில் பெற்ற அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஐரோப்பிய விதியில் இடமுண்டு. ஆனால் அதற்கு மேல் சிவில் விமானப் பராமரிப்புச் சூழலில் பி2 பிரிவுக்குப் பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. சிஏஏஎம் நடப்பில் என்ன கேட்கிறது என்பதை விண்ணப்பிக்கும் நாளில் அவர்களுடைய ஆவணத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். என் பழைய குறிப்பையோ காப்பிக்கடை ஆலோசனையையோ நம்ப வேண்டாம்.

உரிமம் வந்த பிறகும் ஏ320 அல்லது 737 என்று குறிப்பிட்ட விமான வகையில் பயிற்சி முடித்து, அதை உரிமத்தில் ஏற்றி, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் தனியாக அதிகாரம் தந்த பிறகே விமானத்தைப் பறப்புக்கு விடுவித்துக் கையெழுத்திட முடியும். அதுவரை சுபாங்கிலோ சிப்பாங்கிலோ ஒரு கொட்டகையில் உரிமம் இல்லாத தொழில்நுட்பராக, உங்களைவிட வயதில் இளைய உரிமம் பெற்றவரின் கீழ் நிற்க வேண்டும். அந்த ஆண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பவர்களே பின்னால் நிமிர்ந்து நிற்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்து படிக்க விரும்புவோருக்குச் சிலாங்கூரில் யுனிகேஎல் மியாட் போன்ற கல்லூரிகள் உள்ளன. வேலை செய்துகொண்டே தனியாகத் தேர்வெழுதும் வழி மலிவானது, ஆனால் நீண்டது.

போர்விமானத்தில் கற்றது பயணிகள் விமானத்தில் எவ்வளவு தூரம் பயன்படும்?

மின்சாரம் அதே மின்சாரம்தான். 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று கட்டம். 28 வோல்ட் நேர்மின்சாரம். பூட்டுக்கம்பி கட்டுவது, முறுக்குவிசை அளப்பது, நிலைமின்னூட்டக் கைப்பட்டை அணிவது எல்லாம் அப்படியே.

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைதான் வேறு. போர்விமானத்தில் நமக்குப் பழக்கமான 1553பி என்ற தரவுப்பாதையில் ஒரு கட்டுப்படுத்தி இருக்கும். அதிகபட்சம் 31 முனையங்கள். கட்டுப்படுத்தி கேட்டால்தான் முனையம் வாய் திறக்கும். வேகம் விநாடிக்கு பத்து லட்சம் பிட். பயணிகள் விமானத்தில் பரவலாக உள்ள அரிங்க் 429-இல் அப்படி ஓர் அதிகாரி இல்லை. ஒருவர் மட்டும் பேசுவார், இருபது பேர்வரை கேட்பார்கள்; கேட்டவர் பதில் சொல்ல வேண்டுமானால் அவருக்குத் தனிக் கம்பி வேண்டும். வேகமான பாதையே விநாடிக்கு ஒரு லட்சம் பிட்தான். மெதுவானது, எளிமையானது, ஆகவே பழுதைத் தேடுவதும் எளிது. இரண்டு வாரத்தில் பழகிவிடுவீர்கள்.

பழக நாளாவது சிந்தனை முறை. படையில் பழுது வந்தால், அதன் வேரைத் தோண்டி எடுக்கும்வரை விமானம் நிற்கும். விமான நிறுவனத்தில் விமானம் வாயிலில் நிற்கும் நேரம் அரை மணியோ சற்றுக் கூடுதலோதான். உள்ளே பயணிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள். அங்கே முதல் கேள்வி "ஏன் பழுதானது?" அன்று, "இந்தப் பழுதோடு சட்டப்படி பறக்கலாமா?" என்பதே. அதற்கான விடை குறைந்தபட்சக் கருவிப் பட்டியலில் இருக்கும். எந்தக் கருவி வேலை செய்யாமல் எத்தனை நாள் பறக்கலாம் என்று அது வகைப்படுத்தியிருக்கும்: பி வகைக்கு மூன்று நாள், சி வகைக்குப் பத்து நாள், டி வகைக்கு 120 நாள். பழுதை வைத்துக்கொண்டு விமானத்தை அனுப்புவது முதலில் பாவம்போலத் தோன்றும். அந்தப் பட்டியல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது என்பது புரியும்போதுதான் மனம் ஒப்பும்.

மற்றொன்று பாகங்கள். அலமாரியில் புத்தம்புதிதாக மின்னும் பெட்டி ஒன்று, அதற்குரிய விடுவிப்புச் சான்றுத்தாள் இல்லையென்றால், விமானத்தில் ஏறாது. அவசரத்துக்குப் பக்கத்து விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவதும் பதிவில்லாமல் நடக்கக்கூடாது.

நான் வேலை பார்த்தது மிக்-29. அதுவே இப்போது சேவையில் இல்லை. என் அனுபவத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. 1995-இல் வந்த அந்தப் பதினெட்டு விமானங்களில் வேலை பார்த்தவர்கள், கணினி தன் பழுதைத் தானே சொல்லும் வசதி குறைவான கருவிகளோடு, அலைகாட்டியையும் மின்சுற்று வரைபடத்தையும் வைத்துப் பழுது தேடக் கற்றவர்கள். அந்தத் திறன் இப்போது அரிது. ஆனால் தன்விவரத்தில் விமானத்தின் பெயரை மட்டும் எழுதாமல், அலைகாட்டியில் என்ன பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

விமானத்தையே விட்டுவிட்டால் பினாங்கில் என்ன வழி இருக்கிறது?

நான் தேர்ந்தெடுத்த வழி இதுதான் என்பதால் என் பதிலில் சார்பு இருக்கும். அதைக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோது வந்த முதல் நிறுவனங்களில் இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்ட் ஆகியவை இருந்தன. ஹியூலெட்-பேக்கர்டின் அளவுக்கருவிப் பிரிவுதான் பின்னர் அஜிலெண்ட் ஆகி, 2014-இல் கீசைட் ஆனது. நீங்கள் கொட்டகையில் பயன்படுத்திய அலைகாட்டியின், அலைமாலை ஆய்வுக்கருவியின் முகப்பில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்திருக்கலாம். பாலத்தின் அந்தப் பக்கம் விமானத்தைச் சோதிக்கப் பயன்படுத்திய கருவி, இந்தப் பக்கம் தீவில் ஒரு தொழிலாகவே இருக்கிறது.

முதல் வாய்ப்பு, அளவுத்திருத்தம். ஒரு வோல்ட்மானி காட்டும் பத்து வோல்ட் உண்மையிலேயே பத்து வோல்ட்தானா என்று, அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிட்டுச் சான்றளிப்பது. அந்தத் துல்லியக் கருவியை அதனினும் துல்லியமானதோடு ஒப்பிட வேண்டும். இப்படியே போனால் சங்கிலி சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகத்தில் போய் முடியும். ஆய்வகங்கள் ஐஎஸ்ஓ 17025 தரத்தைப் பின்பற்றி, சாம் என்ற அரசு அங்கீகாரத் திட்டத்தின் கீழ் சான்று பெறுகின்றன. படையில் ஒட்டுத்தாளில் உள்ள காலாவதித் தேதி கடந்த கருவியைத் தொடக்கூடாது என்று நமக்கு எவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள்! அந்த ஒட்டுத்தாளை ஒட்டுபவராக ஆவதுதான் இந்த வேலை. புதிதாகக் கற்க வேண்டியது அளவீட்டு ஐயப்பாடு என்ற கணக்கு. "பத்து வோல்ட்" என்று சொல்வது போதாது. எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம், எத்தனை விழுக்காடு நம்பிக்கையோடு அதைச் சொல்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். புள்ளியியல் படிக்காத எனக்கு அது மூன்று மாதத் தூக்கத்தைக் கெடுத்தது.

இரண்டாவது, சோதனைப் பொறியியல். சில்லுகளையும் மின்சுற்றுப் பலகைகளையும் தானியங்கிச் சோதனைக் கருவிகளில் பரிசோதிக்கும் பிரிவு. நமக்கு ஒரு பெட்டியில் உள்ள ஒரு பழுதை விடாமல் துரத்துவதுதான் பழக்கம். ஆலையில் ஒரு மணிநேரத்துக்கு ஆயிரக்கணக்கான துண்டுகள் ஓடும். ஒரு துண்டு ஏன் தோற்றது என்பதைவிட, காலையில் நூற்றில் ஒன்று தோற்றது மாலையில் ஏன் மூன்றானது என்பதே முக்கியம். சோதிக்கப்படும் பொருளில் பழுதா, சோதிக்கும் கருவியில் பழுதா, இடையிலுள்ள தொடுமுனையில் பழுதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே பொன். வடத்தில் ஒரு பின் சற்றே உள்வாங்கியதால் பறக்கும்போது மட்டும் வரும் பழுதைத் தேடி இரவெல்லாம் நின்ற நமக்கு, இது புதிய கலையன்று. ஆனால் பைத்தான் போன்ற நிரல்மொழி ஒன்று வேண்டும். சோதனைக் கருவிக்குக் கட்டளை அனுப்பி, அளவை வாங்கி, அட்டவணையில் எழுதும் அளவுக்குத் தெரிந்தால் முதல் கதவு திறக்கும். 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் இதற்கான குறுகிய வகுப்புகளைத் தேடிப் பாருங்கள்.

மருத்துவமனை, ரயில், தரவு மையம் என்றெல்லாம் சொல்கிறார்களே?

சரிதான். மருத்துவக் கருவிப் பராமரிப்பில் கசிவு மின்னோட்டச் சோதனை, காலமுறைப் பராமரிப்பு, பதிவேடு என்று நமக்குப் பழகிய ஒழுங்கு அப்படியே இருக்கிறது. கோலாலம்பூரில் 1998-இல் ஓடத் தொடங்கிய கிளானா ஜெயா வழித்தடம் ஓட்டுநர் இல்லாதது. அதன் சமிக்ஞைத் தொகுதியைப் பராமரிப்பவர்கள் செய்வது, கணினி முடிவெடுக்கும் ஒரு வாகனத்தை நம்பத்தக்கதாக வைத்திருக்கும் வேலை. சைபர்ஜெயா தரவு மையங்களில் மின்சாரப் பக்கம் போக விரும்புவோர், எரிசக்தி ஆணையம் தரும் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் உயர முடியாது. ஏவியானிக்ஸ் அனுபவம் அதற்கு ஈடாகாது. விமான நிலையங்களின் தரையிறக்க வழிகாட்டிகளையும் ராடாரையும் பராமரிக்கும் வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தரை வானொலிப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

எஸ்பிஎம் பள்ளித்தேர்வை முடித்துவிட்டுப் படையில் சேர்ந்தேன். பட்டம் இல்லாமல் எதுவும் நடக்காதா?

நடக்கும், ஆனால் ஒரு கட்டத்தில் சுவர் வரும். அதைத் தாண்ட மூன்று வழிகளை அறிந்திருங்கள். திறன் மேம்பாட்டுத் துறையின் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழை வகுப்புக்குப் போகாமல், முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் முறையில், வேலை ஆதாரங்களைத் தொகுத்துச் சமர்ப்பித்தும் பெறலாம். அப்பெல் என்ற முறையில் அனுபவத்தை மதிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர இடமுண்டு. 2015-ஆம் ஆண்டின் 768-ஆம் சட்டப்படி அமைந்த எம்போட் என்ற தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில், தகுதியுள்ள தொழில்நுட்பர்கள் பதிவுபெற்றுப் பெயருக்கு முன்னால் அடைமொழி இட்டுக்கொள்ளலாம். மூன்றுக்கும் அவர்கள் கேட்பது ஒன்றையே: நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம். மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன பட்டியல் இங்கேயும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

என் கணவர் அடுத்த ஆண்டு வெளியேறுகிறார். வருமானம் குறையுமா என்று கவலையாக இருக்கிறது.

அம்மா, முதலில் 21 ஆண்டு சேவை நிறைவாகிறதா என்று நாள்கணக்காகப் பாருங்கள். சிப்பாய் முதல் வாரண்ட் அதிகாரி வரை உள்ள தரத்தினருக்கு ஓய்வூதியத் தகுதி அங்கேதான் இருக்கிறது. சில மாதங்களே மீதமிருக்கும் நிலையில், வெளியே கிடைத்த சம்பளத்தைப் பார்த்து அவசரப்பட்டவர்களை அறிவேன். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர் அதை நிறைவு செய்யும்போது நாற்பதை ஒட்டித்தான் இருப்பார். இன்னும் இருபது ஆண்டு உழைக்கலாம். தனியார் வேலைக்குப் போனாலும் ஓய்வூதியம் நிற்காது. ஆகவே தொடக்கச் சம்பளம் படைச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தாலும், இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆனால் செலவுப் பக்கத்தையும் கூட்ட வேண்டும். படைக் குடியிருப்பைக் காலிசெய்தால் வாடகையோ வீட்டுக்கடனோ தொடங்கும். ஊழியர் சேமநிதியில் சேமிப்பு அடியிலிருந்து தொடங்கும். விமானக் கொட்டகையானாலும் சில்லு ஆலையானாலும் இரவுப்பணி உண்டு. பன்னிரண்டு மணிநேர முறைகளும் உண்டு. முதல் ஆண்டில் உரிமத் தேர்வுக் கட்டணமும் புத்தகச் செலவும் வரும். கையில் வரும் மொத்தத் தொகையில் புதுக் கார் வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போடச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

நேர்காணலில் எப்படிப் பேசுவது?

சுருக்கெழுத்துகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். என் முதல் நேர்காணலில், எதிரே இருந்த பெண்மணி என் பேச்சைப் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் தினமும் என்னதான் செய்தீர்கள்?" என்றார். அப்போதுதான் நான் பேசியது முழுவதும் படைப் பிரிவுகளின் பெயர்களும் படிவ எண்களுமே என்பது உறைத்தது. அன்று அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன அறிகுறி, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், எந்த அளவீடு அந்தச் சந்தேகத்தைப் பொய்யாக்கியது, கடைசியில் எங்கே இருந்தது, மீண்டும் வராது என்பதை எப்படி உறுதிசெய்தீர்கள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். நீங்கள் தவறாகச் சந்தேகித்த இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் அங்கேதான் நிமிர்ந்து உட்காருவார். பினாங்கு நிறுவனங்களில் நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். கொட்டகையில் மலாயில் பேசியே பழகியவர்கள் இதை வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பது நல்லது. அவர்களைவிட இரக்கமில்லாத தேர்வாளர் கிடையாது.

சிங்கப்பூர் போகலாமா?

போகலாம், போகிறார்கள். ஆனால் அங்கே உரிமம் தருவது வேறு ஆணையம், வேறு விதி. இங்கே பெற்ற உரிமம் தானாக அங்கே செல்லும் என்று எண்ணி வீட்டை மாற்றிவிடாதீர்கள்.

சார்ஜனாக இருந்து பத்துப் பேரை நடத்தியவர், இருபத்தாறு வயதுப் பொறியியலாளரின் கீழ் வேலை பார்ப்பது சிரமமாக இருக்காதா?

இருக்கும். முதல் வாரம் என்னை அவர் பெயர் சொல்லி அழைத்தார், நான் பழக்கத்தில், மேலதிகாரியிடம் சொல்வதுபோல, "துவான்" என்று பதில் சொன்னேன், இருவருக்குமே கூச்சமாகிவிட்டது. பிறகு நான் "மிஸ்டர்" என்று தொடங்க, அதுவும் வேண்டாம் என்றார். மூன்றாம் மாதத்தில் ஒரு மின்வழங்கி மதியத்துக்கு மேல் மட்டும் அளவு தவறியது. அறையின் குளிரூட்டி நேரடியாக அதன்மீது அடிப்பதையும், மதியத்துக்கு மேல் அதை யாரோ திருப்பிவிடுவதையும் நான் கவனித்துச் சொன்னேன். அன்றிலிருந்து என்னை "அங்கிள்" என்று அழைக்கிறார். அது பதவி உயர்வா இறக்கமா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை; ஆனால் அளவுத்திருத்தச் சான்றிதழின் அடியில் இப்போது இருப்பது என் கையெழுத்து.